இடது தோளுக்கு வைத்த பஞ்சு

கடவுள் மனிதனை நேராகப் படைத்தார் என்று பிரசங்கத்தில் கேட்கும்போதெல்லாம் எனக்கு இருமல் வந்துவிடும். சொல்கிறவர் ஒரு நாள் என் தையல் கடைக்கு வந்து அளவு நாடாவைப் பிடித்துப் பார்க்கட்டும். இரண்டு தோளும் ஒரே மட்டமாக உள்ள ஆள் ஒருவரைத் தூத்துக்குடியில் காட்டினால், அவருக்குக் கூலி வாங்காமல் சட்டை தைத்துக் கொடுக்கிறேன். தபால்காரருக்குப் பை தொங்கும் தோள் இறக்கம். குடம் எடுக்கும் பெண்களுக்கு இடுப்பு ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும். எனக்கே கத்திரி பிடிக்கும் கை மற்றதைவிடத் தடிமன். ஆனால் கோணல் உடம்போடு வருகிற எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "நேராத் தெரியணும் அண்ணாச்சி."

இந்த விஷயத்தில் என் பொறுமையை மிக அதிகமாகச் சோதித்தவன் இஞ்ஞாசி. துறைமுகத்தில் உப்பு மூட்டை சுமப்பவன். வலது தோள் மேடு தட்டி, கழுத்துக்குப் பக்கத்தில் காய்ப்புக் காய்த்து, பலாக்கொட்டை அளவுக்குப் புடைத்திருக்கும். இடது தோள் அதற்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்பதுபோல் சரிந்து கிடக்கும். பின்னாலிருந்து பார்த்தால் இரண்டு ஆட்களைப் பாதிப்பாதியாக வெட்டி ஒட்டியிருக்கிறார்கள் என்றுதான் தோன்றும்.

நான் பக்கத்திலுள்ள நாசரேத் ஊர்க்காரன், பெயர் ஜேசுபாதம். எங்கள் சபை புராட்டஸ்டண்ட்; புனிதர்களின் சுரூபம், அதை வைத்துத் தூக்கும் சப்பரம் எதுவும் கிடையாது. பிழைப்புக்காகக் கத்தோலிக்க மீனவர்கள் வாழும் தெருவின் முனையில் கடை போட்டேன். யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம், துணிக்குக் கண்ட்ரோல். அந்தத் தெருவில் சந்தியாகப்பர் என்ற புனிதருக்கு ஒரு குருசடி, சின்னக் கோயில், உண்டு. ஆடி மாதக் காற்றில் வருகிற அவர் திருநாளுக்குச் சப்பரம் தூக்குகிறவர்கள் வெள்ளை அங்கி போட வேண்டும். அந்த அங்கிகளைத் தைத்ததும் ஒட்டுப் போட்டதும் நான்தான். துணிக்கு மதம் கிடையாது என்று எங்கள் சபைப் போதகரான ஐயரிடம் சொல்லிச் சமாளித்துவந்தேன்.

சப்பரத்தின் அடியில் இரண்டு நீளத் தண்டுகள். உள்பக்கம் குறுக்குக் கட்டைகள் இருப்பதால் ஆட்கள் வெளிப்பக்கமாகத்தான் நிற்க முடியும். இடது தண்டுக்காரனுக்கு வலது தோளில் பாரம் விழும். வலது தண்டுக்காரனுக்கு இடது தோளில் விழும். ஒவ்வோர் இடமும் ஒரு குடும்பத்துக்குச் சொந்தம். தெரு முக்குகளில் முட்டுக்கம்பு கொடுத்துச் சப்பரத்தை நிறுத்தும்போது இளைப்பாறிக்கொள்ளலாம். மற்றபடி சுற்று முடியும்வரை தண்டைத் தோளிலிருந்து இறக்கக் கூடாது. ஒரு வருடம் இறக்கினால் மன்னிப்பு உண்டு. மறு வருடமும் இறக்கினால் இடம் அடுத்த பங்காளிக்குப் போய்விடும்.

வலது தண்டின் முன்னிடம் இஞ்ஞாசியின் அப்பாவுக்கு உரியது. அவர் கடலுக்குப் போனவர். வள்ளத்தில் எப்போதும் ஒரே பக்கம் உட்கார்ந்து துடுப்புப் போட்டதில் அவருக்கு இடது தோள்தான் பெருத்திருந்தது. அந்த இடம் அவருக்கென்றே அளவெடுத்த மாதிரி. நேராகத் தெரிவதற்காக அவர் அங்கியின் வலது தோளுக்கு உள்ளே பஞ்சு வைத்துத் தைத்தேன். அவர் இறந்து, வள்ளமும் போய், மகன் துறைமுகத்துக்கு மூட்டை சுமக்கப் போனான். அதே அங்கியைப் பிரித்து, அதே பஞ்சை எடுத்து இடது தோளில் வைத்தேன். அப்பாவின் வேலை ஒரு பக்கத்தை வளர்த்தது, மகனின் வேலை மறுபக்கத்தை வளர்த்தது. தண்டு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

முதல் வருடமே வினை வந்தது. பாதிச் சுற்றில், மீன்கடை முக்குக்குக் கொஞ்சம் முன்னால், இஞ்ஞாசியின் இடது தோள் கைவிட்டது. சப்பரம் ஒரு பக்கம் சாய்ந்தது. பெண்கள் கூச்சல் போட்டார்கள். பங்காளி ரோச், அவனுடைய சித்தப்பா மகன், ஓடிவந்து தண்டுக்கு அடியில் புகுந்துகொண்டான். மிச்சச் சுற்று முழுவதும் இஞ்ஞாசி வெறுந்தோளோடு பின்னால் நடந்து வந்தான்.

அடுத்த நாள் அங்கியைத் துவைத்து மடித்துக் கடைக்குக் கொண்டுவந்தான்.

"இந்தத் தண்டும் போச்சுன்னா, எனக்கு இந்தத் தெருவுல என்ன இருக்கு அண்ணாச்சி? கரையில பங்கு பிரிக்கும்போது என்னயக் கூப்பிடுதது இல்ல. வலை விசயம் பேசும்போது கூப்பிடுதது இல்ல. தரையில வேல பாக்கிறவன்னு ஒதுக்கிட்டானுவ. வருசத்துல ஒரு நாளு எங்கப்பன் நின்ன எடத்துல நிக்கேன். அதயும் விட்டுட்டா நான் இங்கன வாடகைக்கு இருக்கிறவன் மாரிதான்."

நான் அங்கேயே வாடகைக்கு இருக்கிறவன். இருந்தாலும் அவன் சொன்னது புரிந்தது.

தெருவில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். இடது பக்கம் மெலிந்தது விசுவாசக் குறைவால் என்றார் குருசடியில் ஜெபம் சொல்லும் உபதேசியார் பர்னபாஸ். கடல் தண்ணீர் படாத உடம்பு அப்படித்தான் என்றான் ரோச். பிள்ளையில் மாமியார் அவனை ஒரே இடுப்பில் தூக்கி வளர்த்ததுதான் காரணம் என்றாள் அவன் மனைவி மதலேனாள். இஞ்ஞாசி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தானே ஒரு முடிவுக்கு வந்தான். மூட்டைதான் வலது தோளை வளர்த்தது. அப்படியானால் மூட்டையே இடது தோளையும் வளர்க்கும். கேட்கும்போது எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

துறைமுகத்தில் அதைச் செய்யப் போனான். அப்போது கப்பல்கள் கரைக்கு வராது. ஆழம் போதாமல் மைல்கணக்கில் தள்ளி நிற்கும். சரக்கைத் தோணியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். கடலுக்குள் நீண்டிருக்கும் பாலத்திலிருந்து தோணிக்கு இரண்டு பலகைகள் போட்டிருப்பார்கள். ஒன்றில் சுமையோடு போக வேண்டும், அதற்கு இடது பக்கத்துப் பலகையில் வெறுங்கையோடு திரும்ப வேண்டும். வலது தோளில் மூட்டை இருந்தால் அது கடல் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். யாருக்கும் இடைஞ்சல் இல்லை. அங்கே சுமக்கிற அத்தனை பேருக்கும் வலது தோள் பெருத்ததற்குக் காரணம் இரத்தமும் இல்லை, விசுவாசமும் இல்லை, அந்தப் பலகைதான். இஞ்ஞாசி இடது தோளில் மூட்டையை ஏற்றிக்கொண்டு போனான். எதிரே திரும்பி வந்தவன் முகத்தில் மூட்டை இடித்து, அந்த ஆள் கடலில் விழுந்தான்.

மேஸ்திரி இசக்கியப்பன் பாலமே அதிரக் கத்தினார்.

"ஏலே, ஒனக்குக் கோட்டி புடிச்சிருக்கா? இத்தன பேரும் ஒரு பக்கம் தூக்குதானுவ, நீ மட்டும் மறுபக்கம் தூக்குத? இன்னொருக்க இப்படிச் செஞ்ச, வேலைக்கு வராத!"

மேஸ்திரியைக் குறை சொல்ல முடியாது. இஞ்ஞாசியையும் குறை சொல்ல முடியவில்லை. யாரையாவது திட்டினால் மனம் ஆறும். திட்டுவதற்கு அந்தப் பலகையைத் தவிர ஒன்றும் இல்லை.

அதன் பிறகு வீட்டுக் கொல்லையில் ஆரம்பித்தான். ஒரு சாக்கில் மணலை நிரப்பி, விடிந்ததும் இடது தோளில் வைத்துக்கொண்டு கிணற்றைச் சுற்றிச் சுற்றி நடப்பான். பிறகு துறைமுகத்துக்குப் போய் வலது தோளில் உப்பு சுமப்பான். சாயங்காலம் வந்து திரும்பவும் மணல். வலது தோளுக்கு வருடக்கணக்கில் கிடைத்ததை இடது தோளுக்குச் சில மாதங்களில் கொடுத்துவிட வேண்டும் என்று அவசரம். சாக்கின் முனை கழுத்தோரம் குத்தும் இடத்தில் தோல் கன்றிப்போயிருந்தது. வலித்தால் நல்லது, சதை பிடிக்கிறது என்று சொல்லிக்கொண்டான்.

"ராத்திரி முழுக்க அனத்துதாரு அண்ணாச்சி," என்றாள் மதலேனாள். "கேட்டா, வளருது, அதான் வலிக்குதுங்காரு. பல்லு மொளைக்கிற பிள்ளையா இவரு?"

திருநாள் நெருங்கியதும் அங்கியைப் போட்டுப் பார்க்க வந்தான். நாடாவைப் பிடித்தேன். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போன வருடம் வைத்த பஞ்சு போதவில்லை. இடது தோள் முன்னைவிடக் கீழே போயிருந்தது.

"கைய மேல தூக்குலே," என்றேன்.

வலது கை விறைப்பாக மேலே போனது. இடது கை தோள் மட்டத்தோடு நின்றுவிட்டது. அவன் பல்லைக் கடித்தான், வியர்த்தான். கை அதற்கு மேல் ஒரு விரல்கடைகூட ஏறவில்லை. முதுகில் இடது பக்கத்து எலும்பு மட்டும் அங்கித் துணியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தது. எனக்குப் பயமாக இருந்தது. அந்தப் பயம் அப்படியே கோபமாக மாறி, அவனைக் கண்டபடி ஏசினேன்.

கடற்கரைச் சாலையில் டிஸ்பென்சரி வைத்திருந்த டாக்டர் தனராஜ் எங்கள் ஊர்க்காரர், என்னோடு படித்தவர். அன்றே அவரிடம் இழுத்துக்கொண்டு போனேன். அவர் இஞ்ஞாசியின் சட்டையைக் கழற்றச் சொல்லி, சுவரில் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்துத் தள்ளச் சொன்னார். தள்ளியதும் இடது தோள்பட்டை எலும்பு கோழிக்குஞ்சின் இறக்கைபோல் முதுகிலிருந்து விலகி நின்றது. வலது பக்கம் அசையவில்லை.

"இந்த வலது பக்கம் பெருத்திருக்கே, இது நோய் இல்ல," என்றார் டாக்டர். "வேலை கொடுத்த பக்கம் சதை வைக்கும். இடது பக்கமும் கெட்டுப்போயிருக்கல, வேலை இல்லாம மெலிஞ்சிருந்தது, அவ்வளவுதான். எல்லாருக்குமே ரெண்டு பக்கமும் ஒண்ணுபோல இருக்காது. கொஞ்சம் கொஞ்சமாப் பழக்கியிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது. நீ அவ்வளவு பாரத்தையும் ஒரேயடியா ஏத்தி, கழுத்துல இருந்து விலாப் பக்கம் எறங்குற நரம்ப நசுக்கிட்ட. தோள்பட்டை எலும்ப முதுகோட சேத்துப் பிடிக்கிற சதை அந்த நரம்பு சொன்னாத்தான் வேலை செய்யும். இப்ப அது சொல்லல."

"எப்ப சரியாவும் டாக்டரையா?"

"ஒரு வருஷம், ரெண்டு வருஷம் ஆகலாம். ஆகாமலும் போகலாம். அதுவரைக்கும் இடது தோள்ல ஒரு தலையணையைக்கூட வைக்காத."

"திருநாளு வந்துட்டே."

"நரம்புக்குத் திருநாள் தெரியாதுப்பா," என்றார். அவர் மென்மையாகத்தான் சொன்னார். எனக்கு அவரையும் அடிக்க வேண்டும்போல் இருந்தது.

என்ன அநியாயம் இது! சும்மா விட்டிருந்தால் கோணலாக இருந்தாலும் இரண்டு கையும் இருந்திருக்கும். நேராக்கப் போய் உள்ளதும் போயிற்று. சோம்பேறியாக இருந்தவனுக்கு இந்த நரம்பு போகவில்லை, முயன்றவனுக்குப் போயிற்று. வழி நெடுக இதையே புலம்பிக்கொண்டு வந்தேன்.

கடையில் மதலேனாள் காத்திருந்தாள். நான் நடந்ததைச் சொன்னேன். அவள் முதலில் அழுதாள். பிறகு அழுகை நின்று ஆத்திரம் வந்தது.

"ரோச்சுக்கே விட்டுக் குடுங்க, தொலையட்டும்."

"முடியாதுளா."

"எப்படித் தூக்குவீங்க? அந்தத் தோளுதான் செத்துப் போச்சே! வலது தோளுதான் வேணும்னா அப்படியே பின்னால திரும்பி நின்னு தூக்குங்க, ஊரே சிரிக்கட்டும்!"

இஞ்ஞாசி அவளையே பார்த்தான். பிறகு நான் துணி தொங்கவிடும் மூங்கிலை உருவி என் மேசையின்மேல் ஒரு நுனியை வைத்தான். மறுநுனிக்கு வெளிப்பக்கமாகப் போய் நின்றான். மூங்கில் அவன் இடது தோளுக்கு வந்தது. நின்ற இடத்திலேயே திரும்பி மேசையைப் பார்த்து நின்றான். மூங்கில் வலது தோளுக்கு வந்தது. உப்பு மூட்டை காய்ப்பேற்றிய, எதையும் தாங்கும் தோள்.

"பின்னாலயே நடப்பியால?" என்று கேட்டேன்.

"நடப்பேன்," என்றான்.

குருசடி முற்றத்தில் பெரிய ரகளை நடந்தது. ரோச் குதித்தான். "பின்னால நடந்து விழுந்தான்னா சப்பரம் தெருவுலதான் கெடக்கும். யாரு பொறுப்பு?" உபதேசியார் பர்னபாஸ் தலையில் கைவைத்தார். அர்ச்சிஷ்டவரான சந்தியாகப்பரைச் சுமக்கிறவன் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டா நடப்பது, இப்படி ஒன்று கேள்விப்பட்டதே இல்லையே என்றார்.

"வழக்கம் என்ன உபதேசியாரே?" என்றான் இஞ்ஞாசி. "தண்ட எறக்கக் கூடாது, அதானே? எங்கன பாத்து நடக்கணும்னு வழக்கம் இருக்கா?"

பர்னபாஸ் பெரியவர்களைக் கேட்டார். அப்படி ஒரு வழக்கம் யாருக்கும் நினைவில் இல்லை. அப்படி நடக்க யாருக்கும் தோன்றியதில்லை என்பதுதான் காரணம். கடைசியில், யாராவது ஒருவர் கூடவே வந்து வழி சொல்ல வேண்டும் என்று அரைமனதோடு ஒப்புக்கொண்டார். ரோச்சின் முகத்தைப் பார்த்து ஒருவரும் முன்வரவில்லை.

"டெய்லரண்ணாச்சி வருவாரு," என்றான் இஞ்ஞாசி.

என்னைக் கேட்காமலே சொல்லிவிட்டான். எங்கள் ஐயருக்குத் தெரிந்தால் சபை நடுவில் நிற்க வைத்துக் கேள்வி கேட்பார். ஆனாலும் போனேன்.

திருநாளன்று காற்று மண்ணை வாரி இறைத்தது. சப்பரத்தின்மேல் சந்தியாகப்பர் கோல் பிடித்த கையை உயர்த்தி, பட்டு மேலங்கி போட்டு நின்றார். மற்றவர்கள் எல்லோரும் தெருவைப் பார்க்க, இஞ்ஞாசி மட்டும் அவரைப் பார்த்து நின்றான். தண்டு வலது தோளில் பதிந்தது. செயலற்ற இடது கை பக்கத்தில் தொங்கியது. நான் அவன் இடுப்புக் கச்சையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடந்தேன். சிரிப்பு கேட்டது. மாடியிலிருந்து ஒருவன் விசில் அடித்தான். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

முதல் திருப்பத்திலேயே சிக்கல். "வலப்பக்கம் திரும்பு!" என்றேன். அவன் தன் வலப்பக்கம் திரும்பினான். அது எனக்கு இடப்பக்கம். தண்டு சுவரில் உரச, பின்னால் வந்தவன் கெட்ட வார்த்தை சொன்னான்.

"யாரு வலப்பக்கம் அண்ணாச்சி? ஒமக்கா எனக்கா?" என்றான் மூச்சு வாங்க.

வாழ்நாள் முழுவதும் எதிரே நிற்கிறவன் தோளை அளந்த எனக்கே இந்தக் கதி. அதன் பிறகு வலமும் வேண்டாம் இடமும் வேண்டாம் என்று, "கடல் பக்கம்," "குருசடிப் பக்கம்" என்று கத்தினேன். "கல்லு கெடக்கு, காலத் தூக்கி வை." "சாக்கடை, எட்டி வை." தொண்டை கட்டிப்போயிற்று. மீன்கடை முக்குக்குக் கொஞ்சம் முன்னால், போன வருடம் தோள் கைவிட்ட அதே இடத்தில், காற்று ஒரு சுழற்றுச் சுழற்றியது. மேலே பார்த்துக்கொண்டிருந்த இஞ்ஞாசி திடீரென்று வாய்விட்டுச் சிரித்தான். வலியில் புத்தி பேதலித்துவிட்டது என்று பயந்து, கச்சையை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

அவன் இறக்கவில்லை. குருசடி வாசல்வரை, முழுச் சுற்றும், பின்னோக்கியே நடந்து கொண்டுவந்து சேர்த்தான். மதலேனாள் ஓடிவந்து அவன் வேர்வையை முந்தானையால் துடைத்தாள். அப்போது யாரும் சிரிக்கவில்லை.

இத்தோடு முடிந்திருந்தால் நான் சந்தோஷமாக இருந்திருப்பேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். இனிமேல் தண்டுக்காரர் எல்லோரும் முன்பக்கம் பார்த்தே நடக்க வேண்டும், முடியாதவர் இடத்தைப் பங்காளிக்கு விட வேண்டும் என்று புதிதாகச் சட்டம் போட்டார்கள். இருந்த வழக்கத்தை மீறாமல் ஜெயித்தவனுக்காக, இல்லாத வழக்கத்தை உண்டாக்கினார்கள். அடுத்த வருடம் அந்த இடம் ரோச்சுக்கு. கேட்டதும் எனக்கு ரத்தம் கொதித்தது. இஸ்திரிப் பெட்டியை வைத்த வேகத்தில் ஒரு நல்ல துணி கருகிப்போயிற்று.

மறுநாள் இஞ்ஞாசி அங்கியோடு கடைக்கு வந்தான்.

"இந்தப் பஞ்ச எடுத்துரும் அண்ணாச்சி. இருக்கிற தோளுக்கு இருக்கிற மாரி தச்சுத் தாரும்."

"எதுக்குலே? அடுத்த வருசம் ஒனக்கு அங்கிக்கே வேலை இல்லயே!" என்று எரிந்து விழுந்தேன். "போயிக் கேளு, சண்ட போடு. நான் வந்து சாட்சி சொல்லுதேன்."

அவன் மேசைமேல் அங்கியை விரித்து, சரிந்த தோளைத் தடவினான்.

"மீன்கட முக்குல காத்துல அவரு மேலங்கி மேல தூக்கிச்சு, பாத்தீரா?"

"நான் சாக்கடையப் பாத்துட்டு வந்தேன்."

"நான் பாத்தேன். சந்தியாகப்பருக்கு எடது தோளு என்னயவிட எறக்கம் அண்ணாச்சி. கோலு பிடிச்ச பக்கந்தான் பெருத்திருக்கு. இத்தன வருசமா தண்டுக்காரன் ஒருத்தனும் பாக்கல. எங்கப்பனும் பாக்கல. எல்லாரும் அவருக்கு முதுகக் காட்டித்தானே நடந்தாங்க."

சொல்லிவிட்டு வேலைக்கு நேரமாயிற்று என்று துறைமுகத்துக்குப் போய்விட்டான். நான் கத்திரியை எடுத்துத் தோள் தையலைப் பிரித்தேன். அப்பாவுக்கு வலது பக்கமும் மகனுக்கு இடது பக்கமும் வைத்த அந்தப் பஞ்சு நைந்து, வேர்வையில் மஞ்சள் பாரித்திருந்தது. அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. மேலங்கிக்குள் அவ்வளவு கோணலாக நின்றவர் தெருவுக்கு எப்போதும் நேராகத்தான் தெரிந்தார். அப்படியானால் அந்தப் பட்டின் இடது தோளுக்கு உள்ளே, எனக்கு முந்திய எவனோ ஒரு தையல்காரன் பஞ்சு வைத்திருக்கிறான்.